கேள்வி–பதில்: உறைய மறந்த தண்ணீருக்குள் என்ன நடக்கிறது?

ஃப்ரீசரில் உறையாமல் நின்ற தண்ணீர் பாட்டிலைப் பற்றி மாம்பலம் வாசகி ஒருவர் எழுதிய கடிதத்தில்தான் இந்தப் பகுதி தொடங்குகிறது. அதே பொருளை ஒட்டி வந்த மற்றக் கேள்விகளையும் சேர்த்தே எடுத்துக்கொண்டோம்.

கேள்வி (இல்லத்தரசி, மேற்கு மாம்பலம்): வெயிலுக்காக அரை லிட்டர் பாட்டில்கள் மூன்றை ஃப்ரீசரில் வைத்தேன். இரண்டில் குழாய்த் தண்ணீர், ஒன்றில் கடையில் வாங்கிய சீல் உடைக்காத தண்ணீர். இரண்டரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் குழாய்த் தண்ணீர் பாதி உறைந்திருந்தது. கடைப் பாட்டில் தண்ணீராகவே இருந்தது. மூடியைத் திறந்ததும் கழுத்திலிருந்து கீழ்நோக்கி வெள்ளையாகப் பரவி, சில நொடிகளில் முழுப் பாட்டிலும் கூழாகிவிட்டது. கடைத் தண்ணீரில் ஏதேனும் கலந்திருக்கிறார்களா?

பதில்: கலப்படம் இல்லை. சொல்லப்போனால், எதுவும் கலக்காததால்தான் அது உறையவில்லை. 0 டிகிரிக்குக் கீழே போயும் திரவமாகவே நிற்கும் இந்த நிலைக்கு மீக்குளிர் நீர் என்று பெயர். வெப்பநிலை அளவுக்குப் பெயர் தந்த ஃபாரன்ஹீட் இதை 1724-இலேயே எழுதிவைத்தார்.

தண்ணீர் உறைய வேண்டுமானால் முதலில் ஒரு பனிக்கரு உண்டாக வேண்டும். குளிர்ந்த நீருக்குள் சின்னச் சின்னப் பனித்துணுக்குகள் ஓயாமல் தோன்றுகின்றன. ஆனால் அளவு போதாத துணுக்கு உடனே கரைந்துவிடும். ஒரு தூசியின் பரப்போ கீறலோ தாங்கிப் பிடித்தால்தான் அது வளரும். குழாய்த் தண்ணீரில் சுண்ணப் படிவு, களிமண் துகள், பாக்டீரியா என்று அப்படிப் பிடிமானம் தருபவை ஏராளம். சூடோமோனாஸ் சிரிங்கே என்ற பாக்டீரியா மைனஸ் 2 டிகிரியிலேயே நீரை உறையவைத்துவிடும். கரைந்த உப்புக்கு இதில் பங்கு குறைவு. லிட்டருக்கு 500 மில்லிகிராம் சமையல் உப்பு இருந்தால் உறைநிலை 0.03 டிகிரிதான் இறங்கும்.

மூடியைத் திறந்தபோது உட்புறத்தில் ஒட்டியிருந்த உறைபனித் துகள் ஒன்று விழுந்திருக்கும். அதுவே கரு. பிறகு ஏன் கெட்டியாகாமல் கூழானது? ஒரு கிலோ நீர் உறையும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை வெளிவிடும். அந்த வெப்பம் மீதி நீரை 0 டிகிரிக்கு ஏற்றிவிடும். உங்கள் பாட்டில் மைனஸ் 7-இல் இருந்ததாக வைத்துக்கொண்டால், அந்த நொடியில் பனியானது 9 விழுக்காடு, அதாவது 45 கிராம் மட்டுமே. அந்த 45 கிராமும் ஊசி ஊசியாகப் பாட்டில் முழுக்கக் கிளைத்து நிற்பதால் எல்லாமே உறைந்த மாதிரித் தெரிகிறது.

கேள்வி (வாசகர், குரோம்பேட்டை): அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா?

பதில்: கூழானபின் தாராளமாகக் குடிக்கலாம். உறையாத நிலையில் அப்படியே வாயில் ஊற்ற வேண்டாம், பல் கூசும். கண்ணாடி பாட்டிலில் இதைச் செய்யவே கூடாது. நேரம் தவறினால் வெடிக்கும்.

கேள்வி (பிளஸ் டூ மாணவி, பெரம்பூர்): பள்ளி அறிவியல் கண்காட்சியில் இதைச் செய்து காட்ட ஆசை. ஃப்ரீசரை நம்பினால் ஐந்தில் நான்கு முறை சொதப்புகிறது. உறுதியாகச் செய்ய வழி உண்டா, ஐயா?

பதில்: ஃப்ரீசரை விட்டுவிடுங்கள். அதற்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கவும் முடியாது, மின்விசிறி வைத்த வகையில் ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்து அங்கேயே உறையும். உப்பும் ஐஸும் போதும்.

தெர்மாக்கோல் பெட்டியில் ஒரு கிலோ நொறுக்கிய ஐஸைப் போட்டு, 300 கிராம்வரை தூள் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். கல் உப்பு கரைய நேரமெடுக்கும், குளிர் ஒரே சீராக வராது. இந்த உப்பு ஐஸ் கலவை மைனஸ் 10, 12-க்கு வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம். உப்பை இன்னும் கொட்டினால் மைனஸ் 20-ஐ நெருங்கும். அப்போது சோதனைக் குழாயின் சுவர் திடீரென்று குளிர்ந்து கரு உண்டாகிவிடும்.

கீறல் இல்லாத புதிய சோதனைக் குழாயைக் கடைத் தண்ணீரால் மூன்று முறை அலசி, அதே தண்ணீரை 10 மில்லி ஊற்றுங்கள். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். ஊற்றும்போது மேல்சுவரில் ஒட்டிய துளி முதலில் உறைந்து, பிறகு நழுவிக் கீழே விழுந்து எல்லாவற்றையும் கெடுக்கும். ஆகவே பிப்பெட்டின் முனையை அடிவரை இறக்கி ஊற்ற வேண்டும். குழாய்க்குள் இருக்கும் நீர்மட்டம் வெளியே உள்ள ஐஸ் மட்டத்துக்கு இரண்டு சென்டிமீட்டராவது கீழே இருக்கட்டும். வெப்பமானியைத் துடைத்து, அலசி, ஆரம்பத்திலேயே உள்ளே வைத்துவிடுங்கள். நடுவில் நுழைக்கக் கூடாது. மைனஸ் 10 வரை காட்டும் ஆய்வக வெப்பமானி வேண்டும். காய்ச்சல் பார்ப்பது உதவாது.

மைனஸ் 6, 7-க்கு இறங்கியதும் குழாயை வெளியே தூக்கி, அரிசியளவு ஐஸ் ஒன்றைப் போடுங்கள். பார்வையாளர்களின் கண் பனிமேல் இருக்கும். நீங்கள் வெப்பமானியைக் காட்டுங்கள். மைனஸ் 7-இல் நின்றது விறுவிறுவென்று 0-க்கு ஏறும். உறையும்போது சூடு ஏறுகிறது என்பதை இதைவிடத் துலக்கமாகக் காட்டும் சோதனை பள்ளி ஆய்வகத்தில் இல்லை. கையுறை கட்டாயம், உப்பு ஐஸ் விரலைப் புண்ணாக்கும்.

கேள்வி (ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், தாம்பரம்): குளிரக் குளிர மூலக்கூறுகளின் வேகம் குறைகிறது, அதனால் விரவலும் (மூலக்கூறுகள் இடம்விட்டு இடம் பரவுவதும்) குறைகிறது என்றுதான் முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தினேன். மீக்குளிர் நீருக்கும் அதே விளக்கம் போதுமா?

பதில்: போதாது, ஐயா. எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே தெரிந்துவிடும்.

25 டிகிரியில் நீர் மூலக்கூறின் சராசரி வெப்ப வேகம் நொடிக்குச் சுமார் 640 மீட்டர். மைனஸ் 35-இல் 575 மீட்டர். குறைவு பத்து விழுக்காடு மட்டுமே. தன்விரவல் குணகத்தை (நீருக்குள் நீர் மூலக்கூறுகளே எவ்வளவு விரைவாகப் பரவுகின்றன என்பதைக் காட்டும் எண்) பாருங்கள்: 25 டிகிரியில் நொடிக்கு 0.0023 சதுர மில்லிமீட்டர், 0 டிகிரியில் 0.0011, மைனஸ் 35-இல் 0.00016. பதினான்கில் ஒரு பங்காகிவிட்டது! வேகம் பத்தில் ஒன்று குறைந்ததற்கு இடப்பெயர்ச்சி இவ்வளவு விழ முடியாது.

ஐன்ஸ்டைன் 1905-இல் தந்த உறவைக் கொண்டு (இடப்பெயர்ச்சியின் வர்க்கச் சராசரி, குணகத்தையும் நேரத்தையும் பெருக்கி வருவதன் ஆறு மடங்கு) கணக்கிட்டால், அறை வெப்பநிலையில் ஒரு மூலக்கூறு ஒரு நொடியில் கிளம்பிய இடத்திலிருந்து 0.12 மில்லிமீட்டர் விலகும். மைனஸ் 35-இல் 0.03 மில்லிமீட்டர். தன் குறுக்களவான 0.28 நானோமீட்டர் தூரம் நகர, ஒரு நொடியை லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் 6 பங்கு நேரம் அறை வெப்பநிலையில் போதும். மைனஸ் 35-இல் 80-க்கு மேல் ஆகும்.

மூலக்கூறு சோர்ந்துபோகவில்லை. அடைபட்டிருக்கிறது. காலை ஒன்பது மணிக்குத் தாம்பரம்–கடற்கரை மின்ரயிலில் நிற்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். ரயில் ஆட்டத்தில் அவர் உடம்பு நில்லாமல் அசைந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் கதவுவரை போக வேண்டுமானால் பக்கத்தில் இருப்பவர் விலகினால்தான் முடியும், அவர் விலக அவருக்கு அடுத்தவர் இடம் தர வேண்டும். நீரில் இந்தக் கூண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளால் (ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன் பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்வதால்) ஆனது. குளிரும்போது கூண்டு இறுகுகிறது. திறக்கும் வாய்ப்புகள் அருகிப்போகின்றன.

ஆர்ஹீனியஸ் வரைபடம் (குணகத்தின் மடக்கையை வெப்பநிலையின் தலைகீழுக்கு எதிராக வரைவது) போட்டால் அதுவும் இதையே சொல்லும். சாதாரண திரவத்துக்கு நேர்கோடு வரவேண்டிய இடத்தில் நீருக்குக் கோடு வளைகிறது. 25 டிகிரிக்கு அருகில் கிளர்வு ஆற்றல் (நகர்வதற்குத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை) மோலுக்கு 18 கிலோஜூல் அளவு, ஏறக்குறைய ஒரு ஹைட்ரஜன் பிணைப்பின் ஆற்றல். மைனஸ் 35-இல் அதே கோட்டின் சரிவு தரும் ஆற்றல் 40-ஐத் தாண்டுகிறது. ஒரு பிணைப்பை அறுத்துக்கொண்டு ஒருவர் தனியாக நழுவும் கதை அங்கே செல்லாது. சுற்றியிருக்கும் பலர் ஒத்து அசைந்தால்தான் ஒருவர் நகர முடியும்.

கேள்வி (இளநிலை இயற்பியல் மாணவர், சேப்பாக்கம்): ‘கூண்டு திறப்பது’ என்கிறார்களே, அந்தக் கணத்தில் மூலக்கூறு உண்மையில் என்ன செய்கிறது?

பதில்: ஒரு நீர் மூலக்கூறு பொதுவாக நான்கு பக்கத்தாரைப் பிடித்திருக்கும்: தன் இரண்டு ஹைட்ரஜன்களை நீட்டி இருவரை, தன் ஆக்சிஜன் பக்கமாக வந்து பிடிக்கும் இருவரை. அவர்கள் நான்முகியின் (நான்கு முக்கோண முகங்கள் கொண்ட வடிவத்தின்) முனைகளில் நிற்கிறார்கள். ஒருவரை விட்டுவிட்டு, கை காலியாக வெளியில் சுற்றி, பிறகு இன்னொருவரைத் தேடுவது அதற்குக் கட்டுபடியாகாது. விடுவதற்கு முன்பே புதியவர் பக்கத்தில் வந்திருக்க வேண்டும். அந்த ஐந்தாவது ஆள் வந்ததும், ஹைட்ரஜன் ஒரு கணம் பழையவருக்கும் புதியவருக்கும் நடுவில் இரண்டையும் பார்த்தபடி நின்று, பிறகு சட்டென்று புதியவர் பக்கம் திரும்பும். இந்தத் திருப்பம் சிறுகச் சிறுகச் சுழல்வதல்ல, சுமார் 60 டிகிரிக்கு ஒரே தாவல் என்று லாஜ், ஹைன்ஸ் இருவரும் 2006-இல் கணினி உருவகத்தின் மூலம் காட்டினார்கள்.

இதை மனத்தில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். குளிரில் கட்டமைப்பு நான்முகியை நெருங்குகிறது. நடுவில் இடுக்கி நிற்கும் ஐந்தாவது ஆள் அரிதாகிறார். மாற்றிப் பிடிக்க ஆள் இல்லாததால் இருப்பவரையே பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். கட்டமைப்பு விரிந்து திறப்பதற்கு அடர்த்தியே சாட்சி: 4 டிகிரியில் உச்சத்தில் இருப்பது, மைனஸ் 30-இல் ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.984 கிராமாகக் குறைகிறது, இன்னும் திரவமாக இருக்கும்போதே.

கேள்வி (பொறியாளர், அம்பத்தூர்): ஹைட்ராலிக் எண்ணெயை அழுத்தினால் பிசுபிசுப்பு கூடும். குளிர்ந்த நீரில் இது தலைகீழ் என்று படித்தேன். சரியா?

பதில்: சரிதான். குளிர் கூடக் கூட இந்த விளைவு பலமாகத் தெரியும். மேலே சொன்ன ஐந்தாவது ஆளை அழுத்தம் வலிந்து உள்ளே தள்ளுகிறது. நான்முகி கோணலாகிறது, மாற்றிப் பிடிக்க ஆள் கிடைக்கிறது, விரவல் வேகமாகிறது. மீக்குளிர் நீரில் ஏறத்தாழ 1500 முதல் 2000 வளிமண்டல அழுத்தம் வரை விரவல் கூடிக்கொண்டே போகும். அதற்கு மேல் சாதாரண நெரிசல் வென்று, மற்ற திரவங்களைப் போலக் குறையத் தொடங்கும். அந்த அழுத்தத்தில் உறைநிலையே மைனஸ் 22-ஐ ஒட்டி இறங்கியிருக்கும் என்பதால் அளப்பவருக்கும் வசதி. உங்கள் துறைக்கு இதன் பயன் குறைவு. உலகின் மிக ஆழமான கடற்குழியின் அடியிலேயே 1100 வளிமண்டல அழுத்தம்தான்.

கேள்வி (ஆய்வு மாணவி, கிண்டி): காந்தப்புலச் சரிவுத் துடிப்பு என்எம்ஆர் முறையில் (காந்தப்புலத்தில் அணுக்கருக்கள் தரும் சமிக்ஞையைக் கொண்டு மூலக்கூறுகளின் நகர்வை அளப்பது) மைனஸ் 20-க்குக் கீழ் நீரின் விரவலை அளக்க முயல்கிறேன். 5 மில்லிமீட்டர் குழாயில் மைனஸ் 15-ஐத் தாண்டுவதற்குள் உறைந்துவிடுகிறது. உறையாத நாள்களில் கிடைக்கும் குணகம் நூல்களில் உள்ளதைவிடக் கூடுதலாக வருகிறது.

பதில்: இரண்டும் தனித்தனிக் கோளாறு. இரண்டாவதுதான் ஆபத்தானது, ஏனெனில் உறைந்தது கண்ணுக்குத் தெரியும், தவறான எண் தெரியாது.

முதலில் உறைவது. ஒரு தூசி போதும் முழு மாதிரியையும் கெடுக்க. எனவே நீரைப் பங்கு போட்டுவிடுங்கள். உள்விட்டம் கால் மில்லிமீட்டருக்கும் குறைவான கண்ணாடி நுண்குழாய்கள் பலவற்றை நிரப்பி, இருமுனையும் மூடி, கற்றையாக உள்ளே வையுங்கள். ஒன்றிரண்டு உறைந்தாலும் மீதி திரவமாக நிற்கும். உறைந்தவை அளவீட்டைக் கெடுக்காது. பனியின் சமிக்ஞை மிக விரைவில் அழிந்துவிடுவதால் எதிரொலியில் (துடிப்புகளுக்குப் பின் திரும்ப எழும் சமிக்ஞையில்) அது தெரியாது. சமிக்ஞையின் மொத்த உயரம் மட்டும் படியிறங்கினாற்போல் குறையும். ஒவ்வொரு வெப்பநிலையிலும் அந்த உயரத்தைக் குறித்துவையுங்கள், எத்தனை குழாய் போயிற்று என்று அதிலிருந்தே தெரியும்.

எண்ணெய்க்குள் நீர்த்துளிகளாகக் குழம்பாக்கினால் இன்னும் ஆழமாகப் போகலாம் என்பது உண்மை. ஆனால் துடிப்புகளுக்கு நடுவே 20 மில்லிநொடி காத்திருந்தால் மைனஸ் 35-இலேயே மூலக்கூறு ஒரு திசையில் 2.5 மைக்ரோமீட்டர் போய்விடும். துளியின் விட்டம் 5 மைக்ரோமீட்டர் என்றால் அது சுவரில் முட்டித் திரும்பும். நீங்கள் அளப்பது நீரின் குணகமாக இருக்காது, துளியின் அளவாகத்தான் இருக்கும்.

இப்போது கூடுதல் எண். இதற்குக் காரணம் பெரும்பாலும் வெப்பச்சலனம். குளிர்ந்த வாயு கருவியில் கீழிருந்து மேலே வருகிறது. மெத்தனால், டொலுயீன் போன்றவற்றில் அடிப்பகுதி குளிர்ந்து கனத்து அங்கேயே அடங்கிக் கிடக்கும், சலனம் வராது. நீரோ 4 டிகிரிக்குக் கீழே குளிரக் குளிர இலேசாகிறது. அடியில் குளிர்ந்தது மேலே கிளம்பும். மற்றக் கரைப்பான்களில் பல ஆண்டுகள் நன்றாக நடந்த ஏற்பாடு நீரில் மட்டும் ஏமாற்றுவது இதனால்தான். உறுதிசெய்ய வழி எளிது: துடிப்புகளுக்கு இடையிலான காத்திருப்பை 20, 40, 80 மில்லிநொடி என்று மாற்றிப் பாருங்கள். உண்மையான விரவல் என்றால் குணகம் மாறாது. காத்திருப்பு கூடக் குணகமும் கூடினால் சலனம் இருக்கிறது. நுண்குழாய்க்கு மாறினாலே இது பெரும்பாலும் அடங்கிவிடும், குறுகிய சுவர்களுக்கு நடுவில் நீர் சுழல இடமில்லை.

வெப்பநிலையைக் கருவியின் திரையில் பார்த்து எழுதாதீர்கள். மெத்தனால் மாதிரியை அதே இடத்தில் வைத்து, அதன் இரண்டு முகடுகளின் இடைவெளியிலிருந்து கணக்கிடுங்கள். 25 டிகிரியில் ஒரு டிகிரி பிசகினால் குணகத்தில் 2.5 விழுக்காடு பிழைதான். மைனஸ் 35-இல் அதே ஒரு டிகிரி ஏறத்தாழ 9 விழுக்காட்டை இழுத்துக்கொண்டு போகும். புலச்சரிவின் வலிமையை 25 டிகிரி நீரின் 0.00230 என்ற மதிப்பைக் கொண்டு சரிபார்த்துவிட்டுத்தான் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். ஸ்டெய்ஸ்கல், டானர் 1965-இல் வகுத்த முறைப்படி சமிக்ஞையின் மடக்கையைப் புலச்சரிவின் வர்க்கத்துக்கு எதிராகப் போட்டால் நேர்கோடு வர வேண்டும். வளைந்தால் அந்த எண்ணைத் தூக்கிப் போடுங்கள், கோட்டை வலிந்து பொருத்தாதீர்கள்.

கேள்வி (வாசகர், திருவான்மியூர்): பாகுநிலையை (பிசுபிசுப்பை) அளந்தால் விரவலைக் கணக்கிட்டுவிடலாமே, இவ்வளவு பாடு எதற்கு?

பதில்: அறை வெப்பநிலையில் அது நன்றாகவே வேலை செய்யும். ஸ்டோக்ஸ்–ஐன்ஸ்டைன் உறவுப்படி ஒன்று எத்தனை மடங்கு ஏறுகிறதோ மற்றது அத்தனை மடங்கு இறங்க வேண்டும். மைனஸ் 20-இல் பாகுநிலை 25 டிகிரியில் உள்ளதைப் போல் ஐந்து மடங்கு, விரவல் ஐந்தில் ஒரு பங்கு அளவில். இதுவரை பெரிய சண்டை இல்லை. இன்னும் கீழே போகப் போக உறவு முறிகிறது. பாகுநிலை ஏறும் அளவுக்கு விரவல் இறங்குவதில்லை. பிரான்ஸில் தெஹாவி, இசென்மான், கோப்பின் ஆகியோர் நுண்ணிய பாலிஸ்டைரீன் மணிகளின் பிரௌனியன் அசைவை (நீர் மூலக்கூறுகள் மோதுவதால் வரும் ஓயாத நடுக்கத்தை) கொண்டு மைனஸ் 34 வரை பாகுநிலையை அளந்து 2015-இல் இதைத் தெளிவாக்கினார்கள். மூலக்கூறின் சுழற்சியோ பாகுநிலையை விட்டுப் பிரியவில்லை என்பது அவர்கள் கண்ட மற்றொன்று.

பிரிவுக்குக் காரணம், நீர் எங்கும் ஒரே மாதிரி இறுகாதது. ஓரிடம் கெட்டிப்பட்டுக் கிடக்கும் அதே நேரத்தில் சில நானோமீட்டர் தள்ளி இன்னோர் இடம் நெகிழ்ந்திருக்கும். பாகுநிலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மெதுவான இடங்கள். விரவலின் சராசரியில் வேகமான இடங்களின் கை ஓங்குகிறது.

கேள்வி (பள்ளி ஆசிரியை, வேளச்சேரி): விரவல் குளிரில் குறைவதை வகுப்பில் காட்ட, குளிர்நீரிலும் வெந்நீரிலும் மை விடுகிறோம். சரியான சோதனைதானா?

பதில்: இல்லை. மை பரவுவதாக அங்கே பிள்ளைகள் பார்ப்பது முக்கால்வாசி நீரோட்டம். ஊற்றிய வேகமும் வெந்நீரின் சுழலும் மையை இழுத்துப் போகின்றன. விரவல் மட்டும் என்றால் ஒரு மணி நேரத்தில் சாயம் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் போகும்.

ஓட்டத்தை நிறுத்த நீரைக் கட்டிப்போடுங்கள். 200 மில்லி தண்ணீரில் 2 கிராம் சைனா கிராஸைக் கொதிக்கவிட்டு முழுதும் கரைந்ததும் ஒரே அளவான நான்கு சோதனைக் குழாய்களில் முக்கால் உயரத்துக்கு ஊற்றி ஆறவிடுங்கள். ஜெலட்டின் வேண்டாம், சென்னை வெயிலில் அது இளகிவிடும். சைனா கிராஸ் உறைந்தபின் 80 டிகிரிக்கு மேல்தான் இளகும். அதன் துளைகள் சாய மூலக்கூறைவிட நூறு மடங்கு போலப் பெரியவை, எனவே விரவல் பெரிதாகத் தடைபடாது.

மேலே கேசரிப் பவுடர் கரைசலை ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றி, இரண்டைக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டிலும் இரண்டை மேசை மேலும் வையுங்கள். கரைசலையும் குழாய்களையும் முன்பே அந்தந்த வெப்பநிலைக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும். மறுநாள் அதே நேரத்தில் அளவுகோலை வைத்துப் பாருங்கள். மேசை மேல் 10 பங்கு இறங்கியிருந்தால் பெட்டிக்குள் 7 பங்கு இறங்கியிருக்கும். குணகம் பாதியானால் தூரம் பாதியாகாது, வர்க்கமூலப்படிதான் குறையும். பொட்டாசியம் பெர்மாங்கனேட் போடாதீர்கள். அது சைனா கிராஸோடு வினைபுரிந்து பழுப்பாகிவிடும், எல்லை தெரியாது.

கேள்வி (வாசகர், அண்ணா நகர்): எவ்வளவு தூரம்தான் நீரை உறையாமல் குளிர்விக்க முடியும்?

பதில்: எந்தத் தூசியும் இல்லாத மைக்ரோமீட்டர் துளிகள்கூட மைனஸ் 38-ஐ ஒட்டி, எந்தப் பிடிமானமும் இன்றித் தாமாகவே உறைந்துவிடும். நம் தலைக்கு மேல் ஐந்து கிலோமீட்டரில் தொடங்கும் உறைநிலை மட்டத்துக்கு மேலே, இடிமேகத்தில் இத்தகைய துளிகள் நிறைய இருக்கின்றன. அதற்கும் கீழே அளக்க வேண்டுமானால் உறைவதைவிட வேகமாக அளக்க வேண்டும். வெற்றிடத்தில் துளிகளைப் பீய்ச்சி, ஆவியாதலாலேயே மைனஸ் 44, 46 வரை குளிர்வித்து, எக்ஸ் கதிர் லேசர் துடிப்பால் படம்பிடிப்பது ஒரு வழி. 2017-இல் நில்சன் குழுவினர் அப்படித்தான் நீரின் அமுக்கத்தன்மை (அழுத்தினால் சுருங்கும் அளவு) மைனஸ் 44-இல் உச்சத்தைத் தொட்டுத் திரும்புவதைக் கண்டார்கள். ஸ்பீடி, ஆஞ்செல் இருவரும் 1976-இல் மைனஸ் 45-ஐ ஒட்டி ஏதோ நிகழ வேண்டும் என்று எண்களை நீட்டிப் பார்த்துச் சொன்ன இடம் அது.

விரவலுக்கு வேறு வழி. அமெரிக்காவின் பசிபிக் வடமேற்குத் தேசிய ஆய்வகத்தில் கிம்மெல் குழுவினர் மெல்லிய பனிப்படலத்தை லேசரால் சில நானோநொடிகள் மட்டும் சூடாக்கி மறுபடி உறையவிட்டார்கள். அந்தச் சிறு நேரத்தில் பனிப்படிகம் எவ்வளவு வளர்ந்தது என்று அளந்து, அதிலிருந்து விரவலைக் கணக்கிட்டு, மைனஸ் 147 முதல் மைனஸ் 11 டிகிரி வரையிலான நெடுக்கத்துக்கு 2016-இல் எண்கள் தந்தார்கள். விரவல் எங்கும் அறுபடாமல் தொடர்ந்து குறைந்துகொண்டே போகிறது. அதனால் மட்டும் 1992-இல் பூலும் உடன் ஆய்வாளர்களும் முன்வைத்த கருத்து, அதாவது அடர்த்தி கூடியதும் குறைந்ததுமாக இரண்டு திரவ நீர்கள் இருக்கின்றன என்பது, பொய்த்துவிடவில்லை. அந்த இரண்டும் பிரியும் புள்ளி உயர் அழுத்தத்தில் இருக்க வேண்டும். இந்தப் படலங்கள் இருந்ததோ வெற்றிடத்தில்.